மாப்பிள்ளையின் செம்பட்டைத் தலை

3 பிப்ரவரி 96, சனி
காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, மறுபடி வெயில். துணி காயவில்லை. அடுத்த ஞாயிறு தங்கை மகள் மீனாவுக்கு மொட்டை. வாங்க: சந்தனம், வெற்றிலை, எனக்குப் புது வேட்டி. தாய்மாமன் மடி என்றால் சும்மாவா!

வேண்டுதலும் என்னுடையதே. போன வருஷம் தங்கை வாசுகிக்குப் பிரசவம் சிக்கலானபோது முருகனிடம் நான்தான் வேண்டிக்கொண்டேன்.

மாலை கிளென் ஈடன், வாசுகி வீடு. அடுத்த தெரு ஜெயம் மாமியும் வந்திருந்தார். பிள்ளையை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி, தலை செம்பட்டை அடிக்குது? எண்ணெயே வைக்கிறதில்லையா? மொட்டை போட்டா கருகருன்னு வளரும்."

பிறகு மாப்பிள்ளை ஈயனின் தலை மாமி கண்ணில் பட்டது. வெள்ளைக்காரர், அசல் செம்பு நிறம். அவருக்கும் ஒரு பாட்டில் கரிசலாங்கண்ணி எண்ணெய். "தேங்க் யூ மாமி" என்று வாங்கிக்கொண்டார். தங்கமான மனுஷன்.

6, செவ்வாய்
லீவு. புழுக்கம். மாப்பிள்ளை நிஜமாகவே எண்ணெய் தேய்த்திருக்கிறார்! தலையணை உறை பச்சை. செம்பு நிறம் மட்டும் அசையவில்லை. விழுந்து விழுந்து சிரித்தோம்.

வாசுகிக்கு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை, எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு. "இது எண்ணெய் சமாச்சாரம் இல்லண்ணா. முழுச் சிவப்பா வரணும்னா அம்மா பக்கமும் வேணும், அப்பா பக்கமும் வேணும். நம்ம பக்கம் ஏது? மீனாவுக்கு வெயில்ல லேசா தெரியுது, அவ்வளவுதான்."

மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டார். பள்ளியில் இவர் பெயரே 'கேரட்' தானாம். பிள்ளைக்கு இந்த நிறம் வரவே கூடாது என்றிருந்தாராம். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் கண், மூக்கு, நிறம், அப்படியே அம்மா என்கிறார்கள். டெய்ரி என்கிற மூலைக் கடையில் ஒருத்தி, யார் குழந்தை என்றே கேட்டுவிட்டாளாம். "வெயில்ல தெரியற அந்தக் கொஞ்சம்தான் என் பங்கு. அதையும் மழிக்கணுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

திரும்ப வளரும் என்றேன்.

"கறுப்பாதானே? மாமி சொன்னாங்களே."

விட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் முருகனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே.

8, வியாழன்
எல்லர்ஸ்லி ஆபீஸில் வேலை ஓடவில்லை. நாள் முழுக்க முருகனோடு பேரம். பிள்ளை நன்றாக இருக்கத்தானே வேண்டினேன்? அதன் அப்பா முகம் வாடினால் யாருக்கு என்ன லாபம்? ஊரில் பிள்ளைக்காக அப்பா மொட்டை போட்டுக்கொள்வதில்லையா?

அட!

உடனே போன். வாசுகி கேட்டுவிட்டு அந்தப் பக்கம் சொன்னாள். மாப்பிள்ளையின் சிரிப்பு எனக்கே கேட்டது. "முழுத் தலையும் எடுத்துக்கோங்கன்னு சொல்றார்ண்ணா."

11, ஞாயிறு
மேகமே இல்லை. சந்தனம் மறந்துபோய் பாபடோயிட்டோய் இந்தியக் கடைக்கு ஒரு ஓட்டம். பார்பர் குஜராத்திக்காரர், "குழந்தை எங்கே?" என்றார். வேட்டியோடு மாப்பிள்ளை கை தூக்கினார்.

ஜெயம் மாமிக்கு வருத்தம். "அரை பாட்டில்கூடத் தீரலையே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. ஆறடி மனுஷன், உட்கார்ந்தே விட்டார். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிந்தது. புது வேட்டி பூராவும் செம்பு முடி. தொடை இன்னும் மரத்திருக்கிறது.

முடியை மஞ்சள் துணியில் முடிந்தாயிற்று, ஊருக்குப் போகும்போது கோயிலில் சேர்க்க. மீனா ஒரு பிடியை அள்ளிக்கொண்டு கையைத் திறக்கவே இல்லை. இழுத்துப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். அப்படியே தூங்கிவிட்டாள்.

முருகனுக்கு ஒரு பிடி குறையும்.