எயினியின் மகளும் மூன்று திரைகளும்

வளம் பெருகுக, வாழ்வு நிலைக்க. வெண்குன்ற நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் முகிலங்கோ மகாராசரின் திருவடிகளுக்கு, வாய்க்கால் கரை நெடுக நடந்து இடுப்பு விட்டுப்போய், உட்கார்ந்தால் எழ முடியாதென்று நின்றபடியே சொல்லி, அமைச்சன் பூதன் மடுக்கரையிலிருந்து எழுதுவிக்கும் ஓலை. சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமந்து வளர்ந்தவன் பூதன். சொல்லை மெழுகத் தெரியாதவன் என்பதைத் தேவரீர் அறிவீர்.

மடுக்கரையில் பிள்ளைகள் சாவதன் காரணத்தை அறிந்துவரப் பணித்தீர்கள். அறிந்தாயிற்று. அறிந்ததால் ஒரு பிள்ளையும் பிழைக்கவில்லை.

ஈறு கறுத்துக் கை நடுங்கிச் சாவது ஈய நஞ்சினால்தான் என்றனர் மருத்துவ மன்றத்தார். நஞ்சு எங்கிருந்து வந்ததென்பது தங்கள் நூலுக்குப் புறம்பு என்றனர். வெள்ளி பிரித்த ஈயக் கசடை ஓடையில் கழுவுகிறோம், ஓடை காட்டுக்குத்தானே போகிறது என்றனர் உலை மன்றத்தார். மழை பொய்த்ததால் அந்த ஓடையைத்தான் மடுக்கரை வாய்க்காலில் திருப்பினோம், நீரின் அளவு எங்கள் பொறுப்பு, குணம் அன்று என்றனர் நீர் மன்றத்தார். மூவர் சொன்னதும் மெய்.

ஒரு துறையின் சொல் மறு துறையின் அறிவைக் கெடுக்கும் என்று தேவரீரின் பாட்டனார் அவையில் கட்டிய திரைகள் இன்றும் தொங்குகின்றன. அவற்றின் பின்னிருந்து ஒவ்வொரு மன்றமும் அரசரிடம் மட்டுமே பேசும். மூன்றையும் கேட்ட செவி இந்நாட்டில் தேவரீருடையது ஒன்றே. அதுவும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பூதன் மூன்று மன்றத்தாரையும் வாய்க்கால் கரைக்கு அழைத்தான். வந்தார்கள், திரைகளையும் சுமந்து வந்தார்கள். உள்ளே மணப்பெண்ணா இருக்கிறாள் என்று ஊரார் நகைத்தனர். திரைக்குப் பின்னிருந்து அவரவர் காரணத்தை அவரவர் அழகாகவே விளக்கினர். ஒரே மகளை அண்மையில் புதைத்த எயினி என்னும் நாற்று நடுபவள் சேற்றுக்காலோடு முன்வந்து, ஐயாமாரே, ஆளுக்கொரு காரணம் சொல்கிறீர்கள், என் மகள் ஒரு தடவைதானே செத்தாள் என்று கேட்டாள். நீர் மன்றத்து முதியவர் திரைக்குள்ளிருந்தே, இக்கேள்வி எந்த மன்றத்தைச் சேர்ந்தது என்று வினவினார்.

அன்றே பூதன் மதகை அடைத்துவிட்டான், ஆணைக்குக் காத்திருக்கவில்லை. நஞ்சு நின்றது, நீரும் நின்றது. இப்போது பயிர் சுருள்கிறது. பிழைத்த பிள்ளைகள் பசியில் சாவார்கள் போலும். கசடை எங்கே கழுவுவது, நல்ல நீரை எவ்வழி கொணர்வது, நஞ்சேறிய உடலை எப்படித் தேற்றுவது என்று மூன்று மன்றமும் முகம் பார்த்துப் பேசினால் வழி பிறக்கலாம். பேசுவார்கள் என்ற நம்பிக்கை பூதனுக்கு இல்லை.

ஆகவே தேவரீர் தம் கையாலேயே திரைகளை அறுத்தெறிக. மனம் வரவில்லையெனில், கேளாமல் மதகடைத்த குற்றத்துக்குப் பூதன் தலையை அறுக்க ஆணையிடுக. அவன் மதகடியில்தான் நிற்கிறான். அதுவரை மதகில் கை வைப்பவனை விலங்கிடுமாறு மடுக்கரைக் காவலர்க்குக் கட்டளை இட்டாயிற்று. நொச்சிப்பூ இலச்சினை பதித்து, எழுதியது பிழையன்று எனப் பூதன் கீறிய கைக்குறி.

எயினிக்கு இவ்வரசு செலுத்த வேண்டிய கடன்: அவள் மகள் ஏன் செத்தாள் என்பதற்கு மூன்று மன்றமும் ஒரு வாயாகச் சொல்லும் ஒரு பதில். அது இன்னும் செலுத்தப்படவில்லை.