எதையும் விற்காமல் போன உலைக்காரர்

ஃபோர்ட் கென்ட்
நவம்பர் 18, 1956

அன்பு மகள் ஜெர்மேனுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி ரெமியும் கலிபோர்னியா வெயிலில் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை, மீதியைக் கீழே படி.

கிறிஸ்துமசுக்குக் குழந்தையோடு வருவதாக எழுதியிருந்தாய் அல்லவா, அன்றைக்கே அம்மா உன் அறையில் தொட்டிலைப் போட்டுவிட்டாள். அறை போதுமான அளவு சூடாக இருக்கிறதா என்று பார்க்கத் தானும் அங்கேயே படுக்க ஆரம்பித்தாள். பேரனுக்குக் குளிரக்கூடாதென்று நானும் வீட்டைச் சூடாக்கும் பழைய நிலக்கரி உலையைக் கழற்றிவிட்டு எண்ணெய் உலை வைக்கக் கிளம்பினேன். முதலில் வந்தவன் எண்ணெய் வியாபாரி வைட்டல் சொசியே. தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து அம்மா சுட்ட பிளோய் அடைகளை ஆறு தின்றான், உலை இருக்கும் நிலவறைக்கு இறங்கவே இல்லை. “இருக்கறதுலயே பெரிய உலையா வைங்க லெவி அண்ணே, பர்னர் இனாம், எண்ணெயை மட்டும் எங்கிட்டயே வாங்குங்க” என்றான். எண்ணெய் விற்கிறவன் பெரிய வயிறுள்ள உலையைத்தானே தலையில் கட்டுவான்! உருளைக்கிழங்கு விவசாயிக்கு மூளையும் உருளைக்கிழங்குதான் என்று நினைத்தான் போலிருக்கிறது, அனுப்பிவிட்டேன்.

அடுத்து தெயோபில் மார்க்கி என்று ஒரு பெரியவர், உலை மாட்டுகிற வேலைக்காரர். சன்னல்களை எல்லாம் நாடா வைத்து அளந்தார், புகைபோக்கியின் அடிக்கதவைத் திறந்து ஒரு கண்ணாடித் துண்டை நீட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு “உள்ள செங்கல் உடைஞ்சு கிடக்கு. அதைச் சரி பண்ணாம எந்த உலையும் விக்க மாட்டேன், இப்ப இருக்கறதையும் மூட்டாதீங்க” என்றார். விற்க வந்தவன் விற்க மாட்டேன் என்றால் அதைவிடப் பெரிய தந்திரம் உண்டா? உம்ம மச்சான் கொத்தனாரோ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். “இல்லீங்க, முடி வெட்டறவன். வேணும்னா உங்க தலையைச் சரி பண்ணச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று முழுக்கச் சிரித்தாள், நான் பழைய உலையை மூட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

உன் அறையில் படுக்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குக் காலையில் தலைவலி, குமட்டல், மாதா கோவில் பூசைக்கு நடந்து போனால் தெளிந்துவிடும். நான் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உன் அப்பாவின் படிப்பு அவ்வளவுதான். போன வாரம் வழக்கம்போல வீட்டைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளை அடுக்கி, சன்னல் இடுக்குகளில் துணி ஒட்டி, காற்றே நுழையாதபடி அடைத்தேன். பெருமையாகவும் இருந்தது. மறுநாள் விடிந்து வெகுநேரமாகியும் அம்மா எழவில்லை, எழுப்பினால் என்னை யாரென்று கேட்டாள். அள்ளிக்கொண்டு போய் வெளியே பனியில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் “ராத்திரி உடுப்போட என்னை ஏன்யா தெருவுல வெச்சிருக்கே, கிறுக்கா” என்று திட்டினாள். முப்பது வருடத்தில் அவள் திட்டி நான் அழுதது அன்றைக்குத்தான். பரண் ஏறிப் பார்த்தேன், தெயோபில் சொன்னது சொன்னபடி செங்கல் உடைந்து, புகை உன் அறைச் சுவர் பக்கம் இறங்கியிருக்கிறது. வீட்டை அடைத்து அதை உள்ளேயே பூட்டியது நான்.

டாக்டர் வந்து பார்த்தார், வாடையே இல்லாத கரிவாயு நஞ்சு என்றார், இப்போது பயமில்லை. தெயோபில் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இந்தக் குளிரில் சாந்து பிடிக்காது, மே மாதம் புகைபோக்கியைக் கட்டிய பிறகு ஒரு சின்ன உலை போதும் என்கிறார். அதுவரை வீட்டைப் பூட்டிவிட்டு எடோர் சித்தப்பா வீட்டில் இருக்கிறோம், அவனுக்கு ஒன்பது பிள்ளைகள், நாங்கள் கூடத்தில் படுக்கிறோம்.

ஆகவே மகளே, கிறிஸ்துமசுக்கு வராதே. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வீடு தயார், குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா என்று அவள் எழுதத்தான் போகிறாள், அவள் கடிதத்தில் ஒரு வரியையும் நம்பாதே.

உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம். ரெமியின் படம் ஒன்று உடனே அனுப்பு, அதைக் காட்டித்தான் அம்மாவை நான் சமாளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
லெவி டேகில்