நிலை அழுத வெள்ளிக்கிழமைகள்

அக்டோபர் 9, புதன்

வாசல் கதவு மறுபடியும் மக்கர் செய்கிறது. தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் திறக்கிறது, இடுப்பால் இடித்தால்தான் மூடுகிறது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவள் வீட்டுக்குள் நுழைய இன்னொரு ஷிஃப்ட் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "மழக்காலம்னா மரம் ஊதும் வாணி, வுடு" என்றார். வல்லத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர். எதையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

கதவு நிலையின் அடியில் பெயிண்ட் குமிழ் குமிழாக எழும்பியிருக்கிறது. பக்கத்து டைல்ஸ் ஓரமெல்லாம் கறுப்பு. ஒரகடத்தில் எங்கள் கார் கம்பெனியில் புதுக் காரை ஷவருக்குள் விடுவார்கள். நான் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து எங்கேயாவது சொட்டுகிறதா என்று தேட வேண்டும். அதுதான் என் வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு சொட்டு வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் ஈரம். கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை, லீவு. அத்தை பைக், மிக்ஸி, ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். என் டார்ச்சுக்கும் ஒன்று. சாயங்காலம் வழக்கம்போல வாசற்படியைக் கழுவி, மஞ்சள் பூசி, விளக்கேற்றினார். குமிழெல்லாம் மஞ்சளுக்கு அடியில் மறைந்து நிலை பளிச்சென்று இருந்தது.

அக்டோபர் 18, வெள்ளி. பஸ்ஸில்

எழுத்து கோணலாகப் போகிறது. ரோடும் சரியில்லை.

கிளம்பும்போது அத்தை, "நில்லு. இங்க பாரு" என்றார். விளக்கு அப்போதுதான் ஏற்றியிருந்தார். நிலைக்காலில் ஒரு குமிழ் வெடித்து, டீ நிறத்தில் ஒரு சொட்டு வழிந்துகொண்டிருந்தது.

"நெல அழுவுது" என்றார் அத்தை.

"மழைத்தண்ணி அத்தை."

"மழ முந்தாநாளே நின்னுபோச்சு. வெள்ளிக்கெழம, வெளக்கு வெக்கற நேரம், வூட்டு மருமவ ஷூவ மாட்டிகினு வெளிய போறா. லட்சுமி இன்னா பண்ணுவா? அழுவுறா."

ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவந்துவிட்டேன். கம்பெனியில் என்றால் டேட்டா பார்த்துச் சொல்கிறேன் என்று நழுவியிருப்பேன்.

அக்டோபர் 19, சனி

இவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கார்த்திக பொறக்கறதுக்குள்ள நைட் ஷிஃப்ட்ட வுட்டுடேன். அம்மா சங்கடப்படறாங்க" என்றார்.

நைட்டை விட்டால் வேலையையே விட்ட மாதிரிதான். பகலில் இடம் இல்லை. அதுவும் இப்போதா? எங்கள் சூப்பர்வைசர் ஸ்ரீதர் சார் இந்த வாரம்தான் சொன்னார், ராத்திரி லைனுக்கு லீடராக என் பெயரை அனுப்பியிருக்கிறாராம்.

எனக்கு இந்த வேலை வேணும். எழுதியே வைக்கிறேன் — வேணும். மரத்துக்குச் சளி பிடிச்சா நான் ஏன் வேலைய வுடணும்?

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துக் காட்டுகிறேன். கார்த்திகைக்கு முன்னால்.

அக்டோபர் 20, ஞாயிறு

தூங்காமல் உட்கார்ந்து ஆராய்ச்சி. பொட்டு வைத்த ஸ்க்ரூடிரைவரால் நிலைக்காலைக் குத்தினேன். இட்லியில் இறங்குவதுபோல இறங்கியது. நமுத்த துணி வாசனை. கீல் ஆணிகள் துருப்பிடித்திருக்கின்றன. இதெல்லாம் என்றைக்கு ஆரம்பித்ததோ!

ஈரம் வரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டேங்க் குழாய் ஒழுகவில்லை. பாத்ரூம் அந்தப் பக்கமே இல்லை. அத்தையிடமும் விசாரித்தேன். "இங்க யாராச்சும் தண்ணி ஊத்தறீங்களா?"

"சீ! மகாலட்சுமி நிக்கற எடம். ஒரு சொட்டுத் தண்ணி பட வுடுவனா?"

ஆக, மிஞ்சியது சாரல். ஸ்ரீபெரும்புதூர் போய் உதிரி பாகக் கடையில் கார் கதவு ரப்பர் வாங்கி வந்து, நிலையைச் சுற்றி ஒட்டினேன். மேலே, பக்கவாட்டில், கீழே படியிலும். ஒரு நூல் இடைவெளி இல்லை. இப்போது கதவு காரைப் போலவே 'தப்' என்று மூடுகிறது. நானே நாலைந்து தடவை மூடி மூடிப் பார்த்தேன்.

கம்பெனியிலிருந்து என் பையோடு வந்துவிட்ட ஒரு சிவப்பு டேக்கை நிலையில் கட்டினேன். அத்தை அதற்குப் பக்கத்திலேயே எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்.

"செவப்பு எதுக்கு?"

"கோளாறு இருக்கற பொருளுக்கு அத்தை. சரியானதும் பச்சை கட்டுவோம்."

"அப்ப பச்சையும் ஒண்ணு எடுத்தாந்து வெச்சுக்கோ" என்றார். நம்பிக்கையா நக்கலா, தெரியவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி. பஸ்ஸில்

வாரம் முழுக்க ஒரு தூறல் இல்லை. இன்றைக்கு நிலை முன்னைவிட அதிகமாக அழுதது. ரப்பர் போட்ட பிறகுமா? எனக்கே பயம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கங்கா அக்கா வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிவப்பு டேக்கைத் தொட்டுக் கும்பிட்டு, "எங்க மந்திரிச்சுக் கட்டினது?" என்று கேட்டார்.

"ஒரகடத்துல" என்றார் அத்தை.

அக்டோபர் 29, செவ்வாய்

தெருவில் இன்னும் மூன்று வாசலில் டேக் தொங்குகிறது. கங்கா அக்கா வீட்டில் மட்டும் மஞ்சள். அவர் வீட்டுக்காரர் கம்பெனியில் கோளாறுக்கு மஞ்சளாம். மண்ணூரில் எங்கள் தெரு மொத்தமும் இப்போது ரிஜெக்ட்.

நவம்பர் 1, வெள்ளி. பஸ்ஸில்

தீபாவளி மறுநாள். வாசலில் கூட்டம். லட்சுமியின் அழுகையைத் தணிக்க ஆளுக்கொரு குடம் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து நிலையைக் கழுவினார்கள். அப்படிக் குடம் குடமாகக் கழுவியும் அழுகை நின்றபாடில்லை. வழிந்ததை ஒருத்தி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள்.

மழை இல்லை, குழாய் இல்லை, இவ்வளவு ஈரம் எங்கிருந்துதான் வருகிறது?

நான் அவர்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தேன். "இவதான் அந்த மருமவளா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. நான் இன்னா பண்ணேன்? யாரு குடிய கெடுத்தேன்? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். நிலையும் அழுகிறது, நானும் அழுகிறேன். குடும்பமே கசிகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

நிலைக்காலில் ஒரு வெள்ளைக் காளான் முளைத்திருக்கிறது. அத்தை அதற்கும் பொட்டு வைத்துவிட்டார்.

நவம்பர் 6, புதன்

தோற்றுவிட்டேன். வேலையை விடுகிறேன் என்று திங்கட்கிழமை ஸ்ரீதர் சாரிடம் சொல்லிவிடுவதாக இவரிடம் ஒத்துக்கொண்டேன். "சரி" என்றார். அவருக்கும் முகம் சரியில்லை.

நவம்பர் 9, சனி

நேற்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

நான் உள்ளே யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டிருந்தேன். இவர் ஓ.டி.யில் இருந்தார். அத்தை வெளியே நின்று கதவைச் சாத்தி, அதன் வெளிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவினார். கூட கங்கா அக்காவும் குடங்களோடு நாலைந்து பேரும். கழுவி முடித்துக் கதவைத் தள்ளினால், வரவில்லை. ஊறிப்போய் ரப்பரோடு இறுகிவிட்டது. அவர்கள் வெளியிலிருந்து தள்ள, நான் உள்ளிருந்து இழுக்க, கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது.

வெளியே இருட்ட ஆரம்பித்தது. விளக்கு உள்ளே, அத்தை வெளியே.

"பின்கதவத் தொறக்கறேன், சுத்திகினு வாங்க அத்தை!"

"வெளக்கு வெக்கற நேரத்துல பின்கதவா? மூதேவி வர்றதுக்கா? மொதல்ல அதச் சாத்து!"

சாத்தினேன்.

"நேரம் போவுதுடி! நீயே ஏத்து!"

கல்யாணமாகி வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை விளக்கை அத்தை என்னைத் தொடவிட்டதில்லை. ஷூவைக் கழற்றினேன், கை கழுவினேன், திரியைத் தூண்டி ஏற்றினேன். "ஏத்திட்டேன் அத்தை!" என்று கத்தினேன். வெளியே யாரோ குலவையிட்டார்கள். அதே நேரத்தில் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன்.

மறுபடி ஷூவை மாட்டினேன். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. கதவை விட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவர் இறங்கிய நிலைக்காலின் அடியை ஓங்கி உதைத்தேன். நனைந்த ரஸ்க் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. கதவு சட்டென்று விட்டுக்கொடுக்க, தள்ளிக்கொண்டிருந்த எல்லோரும் உள்ளே வந்து விழுந்தார்கள். முதலில் அத்தை, குடத்தோடு.

விழுந்த இடத்திலேயே அத்தையின் மூக்குக்கு முன்னால் நிலைக்காலின் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தார். வெளியே கறுப்பு. உள்ளே, ஆழம் வரைக்கும், பளீரென்று மஞ்சள். மோந்து பார்த்தார்.

நான் குனிந்து பார்த்தேன். படியில் நான் ஒட்டிய ரப்பருக்குப் பின்னால் தொட்டி மாதிரி மஞ்சள் தண்ணீர் தேங்கி நின்றது. கார் கதவுக்கு அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருப்பார்கள். அது அடைத்திருக்கிறதா என்று தினமும் பார்க்கிறவள் நான். இங்கே வடிய வழியே விடாமல் ஒட்டியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணுக்கு முன்னால் ஊற்றிய தண்ணீர். அத்தைக்கும் அது தண்ணீராகத் தெரியவில்லை, எனக்கும்தான் தெரியவில்லை.

"இது... நான் ஊத்தினதா?" என்றார் அத்தை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நான் ஒட்டினதுதான் அத்தை அத வெளிய வுடல."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது. அத்தனை பேர் முன்னால், பாவமாக இருந்தது.

"இன்னா ஆச்சு தாயாரம்மா?" என்றார் கங்கா அக்கா, தரையிலிருந்தே.

அத்தை துண்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார். "இன்னா ஆச்சு? லட்சுமி உள்ள வந்துட்டா. வெளக்கு எரியுது, தெரியல? என் மருமவ ஏத்தினது. இனிமே இந்த நெல அழுவாது. எல்லாம் வூட்டுக்குப் போங்க."

ஹாரன் மறுபடி அடித்து, வண்டி நகரும் சத்தம் கேட்டது. நான் வாசலைத் தாண்டுவதற்குள் அத்தை எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். ஈரப் புடவை, இடுப்பில் குடம். தெருமுனையில் பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"யம்மா, ஷிஃப்டுக்கு டைம் ஆவுது, வழி வுடு!" என்றார் டிரைவர்.

"என் மருமவ ஏறாம வண்டி நவுராது. அவ இல்லாம போயி அங்க யாரு கண்டுபுடிப்பா, எது ஒழுவுதுன்னு?"

மூச்சு வாங்க ஏறினேன். பஸ் முழுக்கக் கைதட்டல். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், கதவின் கைப்பிடி இன்னும் என் கையில் இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

ஸ்ரீதர் சாரிடம் எதுவும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

நவம்பர் 16, சனி

கார்த்திகை பிறந்தது. வேலைக்குப் போய் வந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

தச்சர் தாண்டவராயன் நிலையின் கால்களை வெட்டிப் புது மரம் ஒட்டுப்போட்டார். படிக்குக் கருங்கல், வெளிப்பக்கம் லேசாகச் சரித்து. கீழ் ரப்பரைப் பிடுங்கி எறிந்தாயிற்று. "இவ்ளோ மஞ்சளா ஊறின மரத்த நான் பாத்ததே இல்ல" என்றார். அத்தை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். காளானை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி. பஸ்ஸில்

இந்த வாரத்திலிருந்து நான் ராத்திரி லைனுக்கு லீடர்.

அத்தையும் ஒரு விதத்தில் லீடர்தான். என் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வாசலாகப் போகிறார். குமிழ் எங்கே, கறுப்பு எங்கே என்று பார்க்கிறார், குத்துகிறார், மோந்து பார்க்கிறார். கங்கா அக்கா வீட்டு நிலையில் ஸ்க்ரூடிரைவர் பாதி வரைக்கும் இறங்கியதாம். "மஞ்சத் தண்ணியும் தண்ணிதாண்டி! இதுகூடத் தெரியாதா?" என்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். தெரியாமல் இருந்தவர்களைப் பார்த்தால் அவருக்கு இப்போது பொறுக்கவே மாட்டேன் என்கிறது.

எங்கள் படியை இன்று ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, மஞ்சளை விரலால் தொட்டு வைத்தார். நான் உள்ளே கிளம்பிக்கொண்டிருந்தேன். "வா, ஏத்திட்டுப் போ" என்று தீப்பெட்டியை நீட்டினார். ஏற்றினேன். கதவு ஒரு விரலுக்குத் திறந்தது. முன்வாசல் வழியாகவே வந்தேன்.

பச்சை டேக்கை நேற்றே கொண்டுவந்து கொடுத்திருந்தேன். வாசலில் காணோம். பூஜை அறையில் வைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தபோதுதான் பார்த்தேன். பையின் காதில் அந்த டேக், நூல் போட்டுக் கட்டியிருக்கிறது, நடுவில் ஒரு குங்குமப் பொட்டோடு.

பக்கத்து சீட் அறிவுமதி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது, ஓகே டேக்கா? எந்த லைன்ல போட்டாங்க?" என்று கேட்டாள்.

"எங்க வூட்ல" என்றேன்.