இரண்டாம் முறை ரத்தம் கொடுக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனா எடுத்தேன். உன் அறை ஜன்னல் கொக்கியை அப்பா மாற்றிவிட்டார், இப்போது காற்றுக்கு அடித்துக்கொள்வதில்லை. ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போன பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை நீ அனுப்பினாயே, அதை அவர்தான் முதலில் படித்தார். ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ இருக்கிறது என்று கண்டதும், “உறையறதுக்கு எதிரின்னுதானே அர்த்தம், ரத்தம் கட்டாது, நல்லதுதானே, எதுக்குடி அழற” என்று என்னை அதட்டினார். லேபில் வேலை பார்க்கும் உன் அத்தைதான் போனில், “பேரை நம்பி ஏமாறாதீங்கண்ணா, அது சோதனைக் குழாய்க்குள்ளதான் உறைய விடாது, உடம்புக்குள்ள உறைய வைக்கும், வயித்துல இருக்கற குழந்தைக்குப் போற ரத்தத்தையே அடைச்சுடும்” என்றாள். “பேரு வச்சவன் மட்டும் கையில கிடைச்சான்...” என்று ஆரம்பித்த அப்பா முடிக்கவில்லை. அன்றிலிருந்து உன்னிடம் மழை வெயில் மட்டும்தான் விசாரிக்கிறார், கோபம் என்று எண்ணாதே, அன்று ‘நல்லதுதானே’ என்று சொன்னது அவரை அறுக்கிறது.

காய்ச்சல் வந்தால்கூட அந்த லூபஸ் சமாச்சாரம் ரத்தத்தில் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுப் போகுமாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதி. அந்தத் தேதி தாண்டியும் நீ போகவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, “இல்லைன்னு வந்துட்டா நான்தானேம்மா காரணம், வீடு மாத்தினப்ப பெட்டி தூக்கினது நான்தானே” என்றாய். இல்லை என்று வர வேண்டும் என நான் வேண்டிக்கொண்டிருந்தேன், இருக்கிறது என்று வர வேண்டும் என நீ. ஒரே ரத்தத்துக்கு அம்மாவும் மகளும் எதிரெதிராக வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

பெட்டி தூக்கியதால் குழந்தை போகவில்லை என்று உன் டாக்டரே சொல்லிவிட்டார். இல்லை என்று வந்தால் காரணம் தெரியவில்லை என்றுதான் பொருள், நீ என்று பொருள் இல்லை. தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாமல் உன் தலையிலேயே பழியைப் போட்டுக்கொள்ளாதே கண்ணு. இருக்கிறது என்று வந்தால் அடுத்த முறை ஊசி மாத்திரை என்று வழி உண்டாம். அடுத்த முறை என்று எழுதிவிட்டேன், போனவனுக்கு ஈடாகச் சொல்லவில்லை, முகம் பார்க்காவிட்டாலும் நான் அவனுக்குப் பாட்டிதான்.

நல்லா இரும்மா, உன் மனசு ஆறட்டும். திங்கட்கிழமை போய் ரத்தம் கொடு. ரத்தம் உறையாமலிருக்க நீ இப்போது மாத்திரை சாப்பிடுவதை லேபில் முன்பே சொல், முடிவைக் குழப்புமாம், நீயாக நிறுத்திவிடாதே. முடிவு வந்ததும் தனியாகத் திறக்காதே, எனக்குப் போன் போடு, நீ படி, நான் கேட்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா