உப்பு அம்பாரத்துக்கு நேராக

இதை எழுதும் மேஜையில் ஒரு துண்டு வசம்பு கிடக்கிறது. உன் குழாயில் இருந்து எடுத்தது. பிளம்பர் கடையில் வாங்கிய நாலங்குலக் குழாய்களுக்கு இரண்டு பக்கமும் மூடி போட்டு, அதற்குள் நம் வரைபடச் சுருள்களை அடைத்து வைப்பாயே, அந்தக் குழாய்தான். பூச்சி அரிக்கக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வசம்பு போடுவாய். "ஏளா, இது கட்டட ஆபீசா, பிள்ளை பெத்த வீடா?" என்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துவேன். நீ பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு சிரிப்பாய். நீ போன பிறகு அந்தக் குழாய்களை நான் தொடவே இல்லை. போன வாரம் தொட வேண்டியதாகிவிட்டது.

உப்பளத்து ஓரத்தில் நாம் கட்டிய பகல்நேரப் பிள்ளைகள் காப்பகம் நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். உனக்கு மறக்காது. அதன் செயலாளர் அண்ணாச்சி, அதுதான் அந்த அரிசிக்கடை அண்ணாச்சி, போன் செய்தார். "பிள்ளைய கூடிப் போச்சும்மா. இன்னும் ரெண்டு ரூம் வேணும். நடைக்குக் கிழக்கு முடிவுல ஒரு சுவர் நிக்குல்லா, அதை ஒட்டிப் போட்டுருங்க, செலவும் கம்மி" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சுவரைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அந்தச் சுவரை எழுப்பியவள் நான்தானே.

கல்லூரியில் இருந்தே நம் சண்டை ஒன்றுதான். அச்சுக்கோடு, சமச்சீர், படிநிலை, தாளம் என்று வடிவத்தையும் வெளியையும் ஒழுங்குபடுத்தும் விதிகளை நான் வரி பிசகாமல் மனப்பாடம் செய்தவள். தாமிரபரணி வயல்காட்டில் பிறந்தவளுக்கு அப்படி ஒரு வெறி. எங்கள் ஊரில் ஆறு வளைந்தால் வாய்க்கால் வளையும், வாய்க்கால் வளைந்தால் வரப்பு வளையும். நேர்கோட்டை நான் ஸ்கேலில்தான் முதலில் பார்த்தேன். நீயோ ஆழ்வார்திருநகரிக்காரி. வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தால் தெருக்கோடியில் கோபுரம். "எங்க தெருவுல பொறந்தவளுக்கு அச்சுன்னா என்னன்னு நீ பாடம் எடுக்கியாக்கும்?" என்பாய்.

இரண்டு பக்கமும் கண்ணாடி பிடித்தாற்போல் நான் வரைந்த நூலகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தா நீ பாதிதானளா வரைஞ்சிருக்க?" என்றாய். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நீயே மக்ரூன் பொட்டலத்தோடு வந்தாய். அதை வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் சண்டை போட்டேன்.

மில்லர்புரத்து மாடி அறையில் நாம் ஆபீஸ் பலகை மாட்டிய பிறகும் அது ஓயவில்லை. வெவ்வேறு அளவு அறைகளை ஒரே கட்டடமாக எப்படிச் சேர்ப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மொட்டைமாடியைக் காட்டினாய். கொடியில் சேலை, சட்டை, பாவாடை, பிள்ளையின் ஜட்டி எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. "ஒண்ணாவது ஒண்ணு மாதிரி இருக்கா? கொடி நேரா இருக்கு, அதான் பாக்க நல்லாருக்கு" என்றாய். காப்பகத்தின் நீள நடை அப்படித்தான் வந்தது. ஒரே நேர் நடை, அதன் ஓரத்தில் படுக்கும் கூடம், சமையல்கட்டு, விளையாடும் இடம். அதுவரை நமக்குள் தகராறு இல்லை.

தகராறு வந்தது தளத்தில் கோடு போடும் மார்க்கிங் அன்று. சாலைக்கு நேர் இணையாக, சதுரம் பிசகாமல் நான் படம் போட்டிருந்தேன். காலையில் எனக்கு முன்னால் நீ தளத்துக்குப் போய்விட்டாய். நான் போய் இறங்கியபோது சுண்ணாம்புக் கோடெல்லாம் போட்டாகிவிட்டது. மொத்தக் கட்டடமும் சாலையை விட்டுக் கோணிக்கொண்டு நின்றது. எனக்கு வந்த கோபத்தில் கொத்தனார்களுக்கு முன்னாலேயே கத்தினேன். "யாரைக் கேட்டுளா திருப்புன? எதுக்கு நேரா இது?" நீ நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே கிழக்கே கை நீட்டினாய். அங்கே மேட்டில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம். "அதுக்கு நேரா" என்றாய். "சும்மா கோடு இழுத்தா அது அச்சு ஆயிருமா? ரெண்டு முனையிலயும் ஏதாவது இருக்கணும்லா."

அழகுக்காகச் செய்திருக்கிறாய் என்று நினைத்தேன். வெயிலில் அந்த அம்பாரம் கண்ணைக் கூசச் செய்யும் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். முனகிக்கொண்டே படத்தைத் திருத்தினோம். நடை முடியும் இடத்தில் கதவில்லாத ஒரு அகல வாசல் வைத்தாய். நடையின் வெட்டுத்தோற்றத்தை நீயே வரைந்தாய். அளவு காட்ட ஒரு ஆள் உருவம் போடுவோமே, அதைத் தூரத்தில் அம்பாரத்து ஓரம் போட்டு, தலையில் ஒரு கூடையும் வைத்தாய். "அளவுக்குப் போடுற ஆளுக்குக் கூடை எதுக்குளா?" என்றேன். "கூடை இல்லாம அங்கன யாரு நிப்பா?" என்றாய். நான் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

திறப்பு விழா கார்த்திகையில் வந்தது. அன்று என்ன ஆனது என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. நீ உன் முதல் சிகிச்சைக்கு மதுரைக்குப் போயிருந்தாய். நான் தனியாக, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் நடையின் முனைக்குக் கூட்டிப் போனேன். "இங்கிருந்து பாருங்கள்" என்றேன். பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. மழைக்கு முன்னால் அம்பாரத்தை லாரியில் ஏற்றி விற்றுவிட்டார்கள். வெறும் மேடும், நிரம்பிக் கிடந்த பாத்திகளும், அதற்கப்பால் துறைமுகத்துக் கிரேன்களும்தான். விற்றுத் தீரும் உப்பை நம்பி ஒரு கட்டடத்தைத் திருப்பி வைத்திருக்கிறோம்! வெட்கத்தில் என் காது சுட்டது. அது போதாதென்று கிழக்கே இருந்து சாரல் அடித்து, நடை முழுக்க நனைந்து, பாயசப் பாத்திரத்திலும் தண்ணீர்.

ஒரே வாரத்தில் அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடப்பவளிடம் இதையெல்லாம் கேட்பதா என்று ஒரு சாக்கு. உண்மையில் மார்க்கிங் அன்று நீ என்னைக் கேட்கவில்லை அல்லவா, அதற்குப் பழி தீர்த்தேன். இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது?

தை மாதம் நீ ஊருக்கு வந்தபோது காப்பகத்தைப் பார்க்க வேண்டும் என்றாய். நடையில் மெதுவாக நடந்து வந்து அந்தச் சுவருக்கு முன்னால் நின்றாய். உள்ளங்கையை அதில் வைத்தாய். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். "சரி, மழை அடிக்காதுல்லா" என்றாய். அவ்வளவுதான். அடுத்த ஆனிக்குள் நீ இல்லை.

இப்போது பங்குனி. புது அறைகளுக்கு அளவெடுக்கப் போன வாரம் போனேன். மேட்டில் அம்பாரம் நெஞ்சளவு ஏறியிருந்தது. சுவருக்கு வெளிப்பக்கம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டடத்தைச் சுற்றி ஓடினாள். உள்ளே ஏதோ பிள்ளை அழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பெயர் செல்வி. உள்ளே அழுதது அவளுடைய நாலு வயது இசக்கி இல்லையாம், வேறு யார் பிள்ளையோ.

"சத்தத்தை வச்சு எப்படிக்கா கண்டுபுடிக்க? யாரு பிள்ள அழுதாலும் எல்லாரும்தான் ஓடுதோம்" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க அந்தக் கொண்டைல பென்சில் வச்ச அக்காகூட வந்தவியதான? அவுக சொகமா இருக்காவளா?"

சொன்னேன். அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கோடு போட்ட அன்னைக்கு எம் மூத்தவன் கைப்பிள்ளக்கா. இங்கன நின்ன உடைமரத்துல தொட்டில் கட்டிட்டு நான் சுமந்துக்கிட்டிருந்தேன். அந்த அக்கா வந்து, 'எங்கன இருந்து பாத்தா பிள்ள உனக்குத் தெரியுது?'ன்னு கேட்டாவ. மேட்டுல ஏறும்போது தெரியும்னு கை காட்டுனேன். தொட்டில்ல ஒரு நுனியக் கட்டி, மேடு வரைக்கும் அவுகளே நூல் புடிச்சுட்டு வந்தாவ. எங்கூட ரெண்டு நடை ஏறிக்கூடப் பாத்தாவ."

"அப்போ இந்த வாசலை நான் அடைச்சப்போ ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். என் மேல் வந்த கோபத்தை வேறு யாரிடம் காட்டுவது?

"நீங்கல்லாம் படிச்சவிய. ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சோம்" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஆபீசுக்கு வந்து குழாயைத் திறந்தேன். நீ வரைந்த வெட்டுத்தோற்றத்தின் மஞ்சள் தாளை விரித்தேன். நடை. அதன் இந்த முனையில், தரையில், நீ புள்ளி போல வரைந்திருந்த சின்னஞ்சிறு உருவம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அத்தனை வருஷமும் அதைப் பூந்தொட்டி என்று நினைத்திருந்தேன். அந்த முனையில் கூடையோடு அவள். அழுதேன். மேஜையில் தலையை வைத்து, கீழ்க்கடைக்காரர் மாடிக்கு வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன்.

உன் கோடு அம்பாரத்தில் முடியவில்லை. அதில் ஏறுகிறவர்களிடம் முடிந்தது. உப்பு இல்லாத மாதத்தில் வேலை இல்லை, வேலை இல்லாத மாதத்தில் தாய்மார் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பார்கள். அப்போது நடையின் முனையில் ஒன்றும் தெரியாமல் இருந்தால்தான் என்ன? இதை அன்றைக்கே என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே பாவி. சொல்ல விட்டேனா நான்? கூடையைப் பற்றி நீ சொன்னபோதுதான் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேனே.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் விளக்கிப் பார்த்தேன். அவர் காதில் மழை மட்டும்தான் விழுந்தது. "அடைச்சதைத் தொறக்கச் சொல்லுதிய. ரூம் எங்க போடுவிய? ஐப்பசி வந்தா தண்ணி உள்ள வருமே?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நேற்றுக் காலை கொத்தனாரோடு தளத்துக்கு வரச் சொன்னேன். "ஒரே ஒரு செங்கல். பிடிக்கலைன்னா நானே பூசித் தாரேன் அண்ணாச்சி" என்றேன்.

என் இடுப்பு உயரத்துக்கும் கீழே ஒரு கல்லைக் காட்டினேன். கொத்தனார் உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினார். கல் வெளிப்பக்கம் விழுந்தது. வெளிச்சம் ஒரு சதுரமாக நடையில் வந்து படுத்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். இசக்கிதான் முந்திக்கொண்டு ஓட்டையில் கண்ணை வைத்தாள். பிறகு, "எம்மோவ்!" என்று ஒரு கத்து. மற்ற பிள்ளைகள் அவளைத் தள்ளிக்கொண்டு, "எங்கம்மாளும் வாராளா பாரு, எங்கம்மாளும் வாராளா பாரு" என்று பிய்த்தெடுத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகக் குனிந்து பார்த்தார். நானும் அவருக்குப் பின்னால் குனிந்தேன். மேட்டில் செல்வி கூடையோடு ஏறிக்கொண்டிருந்தாள். கத்து அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு கையும் கூடையில் இருந்ததால் அவளால் கையசைக்க முடியவில்லை. திரும்பி, நின்று, ஒரு காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள்.

அண்ணாச்சி எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டார். "மிச்சத்தையும் எடுத்துருங்க. மழைக்கு ஒரு சார்ப்பு வச்சுக்கிடுவோம்" என்றார். மூக்கை உறிஞ்சினார். உப்புக்காற்று என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார்.

புது அறைகள் இரண்டையும் தெற்கே, நடையை ஒட்டியே தொங்கவிட்டிருக்கிறேன். அதே கொடியில் இன்னும் இரண்டு துணி, அவ்வளவுதான். வாசலுக்கு வெளியே சாரல் தாங்க ஆழமான சார்ப்பு. அதன் உயரத்தை ஸ்கேலில் பார்த்து முடிவு செய்யவில்லை. மேட்டில் கூடையோடு நிற்கிறவளின் முகம் மறையாத உயரம் எது என்று நானே நாலு நடை ஏறிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். காலில் உப்பு அறுத்திருக்கிறது. நீ எப்படித்தான் உன் தேய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினாயோ!

புதுப் படத்தை இன்று கொத்தனாரிடம் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு அளவுக்குப் போட்டதாம்மா? தலையில கூடை எதுக்கு?" என்று கேட்டார்.

"அது செல்வி" என்றேன். "இந்தப் பக்கம் தரையில உக்காந்திருக்கது இசக்கி. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு செங்கல்கூட வரக்கூடாது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் உன் தாளையும் என் தாளையும் சேர்த்துச் சுருட்டி அதே குழாயில் வைத்தேன். பழைய வசம்பை என் பைக்குள் போட்டுக்கொண்டு, புதுத் துண்டு ஒன்றை உள்ளே போட்டு மூடினேன்.