மன்றாட்டில் சொன்னது

18.7.2024, வியாழன்

இன்று எங்கள் தெரு அன்பியத்தின் செபக் கூட்டம், மிக்கேலம்மாள் அக்கா வீட்டில். வந்தவர்கள்: மிக்கேலம்மாள் அக்கா, அவருடைய வீட்டுக்காரர், ஜெயசீலி, அவள் மாமியார், தையல்கார ரோஸ்லின், பால் சொசைட்டி அந்தோணி அண்ணன், அவர் மனைவி, ஸ்டெல்லா டீச்சர், நான். ஒன்பது பேர். என் வீட்டுக்காரர் செபாஸ்டினுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை முடியவில்லை. ஏஞ்சலின் வரவில்லை. "டெஸ்ட் இருக்கும்மா" என்றாள். பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து வியாழக்கிழமை தோறும் டெஸ்ட்.

கூட்ட நோட்டிலும் இதையே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எட்டாவதோடு நின்றவள் எழுதிய நோட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அடுத்த முறை நம் வீடு.

20.7.2024, சனி

சிலிண்டர் மாற்றினேன். 43 நாள் வந்திருக்கிறது.

மதியம் இடி. பிப்ரவரியில் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஆறு கொண்டுவந்தோம். மாமனார் சாகக் கிடந்தபோது ஒன்று, மே மாதச் சூறைக்காற்றுக்கு ஒன்று. நான்கு இருக்க வேண்டும். மூன்றுதான் இருக்கிறது. செபாஸ்டினைக் கேட்டால், "எலி தின்னிருக்கும்" என்கிறார். எலி தின்றால் திரி கூடவா மிஞ்சாது?

21.7.2024, ஞாயிறு

எலி இல்லை.

பொழுது சாய்ந்ததும் துணி எடுக்க மாடிக்குப் போனேன். ஏஞ்சலின் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் உப்பால் வட்டம். உள்ளே துளசி, ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு கூழாங்கல். நடுவில் நம் மெழுகுவர்த்தி எரிகிறது, பாதி கரைந்துவிட்டது. எதிரே மலைக்கு மேல் நிலா வந்துகொண்டிருக்கிறது.

"என்னாடி இது?"

"சத்தம் போடாதம்மா. விக்கான்னு ஒண்ணு. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்ல."

"உப்பு எதுக்கு? சூனியமா?"

"நான் உப்புல வட்டம் போட்டா சூனியம். நீ மந்திரிச்ச உப்பை வாசப்படியில தூவுனா பக்தி. அப்படித்தான?"

கை முந்திக்கொண்டது. பதினாறு வயதுப் பெண்ணை அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை. மெழுகுவர்த்தியை விரலால் அணைத்தாள்.

"கோயில்ல நின்னா எனக்கு மூச்சு முட்டுதும்மா. ஒரு வருசமா. இங்க முட்டல. அவ்வளவுதான்."

ஒரு வருஷமா! பூசையில் எனக்குப் பக்கத்தில்தானே நிற்கிறாள்?

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டயும். சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொல்ல மாட்டேன் என்றேன்.

22.7.2024

செபாஸ்டினிடம் சொல்லவில்லை. மூன்று முறை வாய்வரை வந்தது.

27.7.2024, சனி

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஃபோனில் தேடிப் படித்தேன். நூறு வருஷம்கூட ஆகாத மதமாம், இங்கிலாந்தில் தொடங்கியதாம். பூமி, நிலா, பெண் தெய்வம். பிசாசைக் கும்பிடுவதில்லை. பிசாசு என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிறார்கள். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருக்கிறது. வாசலில் திருடன் நிற்கும்போது திருடனே உலகத்தில் இல்லை என்று தூங்குகிறவர்களை என்ன சொல்வது?

மாலையில் அவளாகவே ஒரு நோட்டைக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் நிலா எப்படி இருந்தது என்று வரைந்து, பக்கத்தில் இரண்டு வரி. என்னைப் போலவே தேதி, கிழமையோடு. "வளர்ற நிலாவுல ஒண்ணைத் தொடங்கணும், தேயற நிலாவுல ஒண்ணை விடணும்" என்றாள்.

"வளர்பிறையிலதான் எங்கப்பாவும் ராகி வெதப்பாரு" என்றேன்.

"அப்ப தாத்தாவும் விக்காதான்!"

சிரித்துவிட்டேன். அவளும். அப்புறம் அடுப்படிக்குப் போய், எதைப் பார்த்தடி சிரித்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொன்னேன்.

1.8.2024, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

நம் வீட்டில் கூட்டம். என்னைச் சேர்க்காமல் பதினோரு பேர். பாட்டு, வாசகம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மன்றாட்டு நேரம் வந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ரோஸ்லின் மகனுக்கு வேலை. அந்தோணி அண்ணனுக்குச் சர்க்கரை. எல்லாரும் "கேட்டருளும்" என்றோம். என் முறை. மழைக்காக என்றுதான் வாயெடுத்தேன், சத்தியமாக. பத்து நாளாக நெஞ்சில் கிடந்தது தானாக வந்துவிட்டது.

"என் மகள் ஏஞ்சலின் மந்திர வழியில போயிட்டா ஆண்டவரே. நிலாவைக் கும்பிடுறா. அவளை மீட்டுக் குடும்" — சொல்லி அழுதும்விட்டேன்.

பிறகு மிக்கேலம்மாள் அக்கா மெதுவாக "கேட்டருளும்" என்றார். எல்லாரும் சொன்னார்கள்.

கண்ணைத் திறந்தேன். அடுப்படி வாசலில் ஏஞ்சலின், டீத் தட்டோடு.

ஓடிப்போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஒவ்வொருவரிடமும் குனிந்து பதினோரு டம்ளரையும் கொடுத்தாள். ஜெயசீலியின் மாமியார் டீயை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. அதையும் அவள் பார்த்தாள்.

ஆண்டவரிடம்தானே சொன்னேன்? வேறு யாரிடம் சொன்னேன்?

2.8.2024, வெள்ளி

செபாஸ்டினுக்கு டீக்கடையில் தெரிந்துவிட்டது. "என்ன செபாஸ்டின், பொண்ணு பேய் ஓட்டுதாம்? எங்க வூட்டுக்காரியக் கொஞ்சம் ஓட்டச் சொல்லு" என்று எவனோ சிரித்திருக்கிறான். அதே கோபத்தோடு வந்தார். ஏஞ்சலினின் நிலா நோட்டை வாங்கி நாலாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டார்.

"ஊருக்கே தெரிஞ்சு எனக்குக் கடைசியா தெரியணுமா? நீ என்னாத்துக்கு மறைச்ச?" என்று என்னிடம் ஒரு பாட்டம்.

அவர் போன பிறகு சமாதானம் சொல்லப் போனேன். அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அப்பா நோட்டைத்தாம்மா கிழிச்சாரு."

3.8.2024

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மகள் உப்பு வட்டம் போட்டது, மெழுகுவர்த்தியைத் திருடியது எல்லாம் சொன்னேன். ஃபாதர் கேட்டுவிட்டு, "அது அந்தப் பொண்ணோட கணக்கும்மா. உங்களோடதைச் சொல்லுங்க" என்றார். இரண்டு முறை கோபப்பட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியெல்லாம், சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறதே என்று உறுத்தல். வாக்குக் கொடுத்து மீறியது. அதைப் பாவம் என்றே நேற்றுவரை நினைக்கவில்லை.

19.8.2024, திங்கள்

பௌர்ணமி. மாடிக்குப் போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. அவள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டும். ஏன் படவில்லை?

6.9.2024, வெள்ளி

பள்ளியில் ஏஞ்சலினின் தோழி ஐஸ்வர்யா இடம் மாறி உட்கார்ந்துவிட்டாளாம். ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் அம்மா சொன்னாராம், "அந்தப் பொண்ணு கண்ணைப் பாத்துப் பேசாத" என்று. இதையும் ஏஞ்சலின் என்னிடம் சொல்லவில்லை. ஸ்டெல்லா டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

வீட்டில் அவள் பேசுவது: "சரி." "வேணாம்." "சாப்ட்டேன்." ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை என்று எண்ணிவிடலாம். நேற்று பதினான்கு.

பூசைக்கு வருகிறாள். நிற்கிறாள். இப்போது பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன் — தோள் ஏறி ஏறி இறங்குகிறது. மூச்சு முட்டுகிறது என்று சொன்னாளே. பேச்சுக்குச் சொன்னாள் என்று நினைத்திருந்தேன்.

28.9.2024, சனி

காலாண்டு லீவு இன்று தொடக்கம். பத்து மணிக்கு வாசலில் ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும். கையில் எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கு. ஏரியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கதவைத் திறந்தது ஏஞ்சலின். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"நிலா பாத்து மந்திரம் போடுற பாப்பா வூடு இதுதானுங்களா?"

"யாருங்க நீங்க?"

"நீதானா சாமி அது? எம் மருமவன் பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போனான். அங்கயே ஒருத்தியோட இருந்துக்கிட்டான். எம் மவ ரெண்டு புள்ளைய வெச்சிக்கிட்டு அழுவுறா. அவன இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு சாமி" — என்று காலைத் தொடக் குனிந்துவிட்டார்.

"ஆயா, எந்திரிங்க. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"எங்கூர்ல கட்டிக் குடுத்த பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு. பெத்தவளே ஜெபத்துல சொல்லி அழுதாளாமே? பெத்தவ பொய் சொல்லுவாளா?"

முறம் கையிலேயே நின்றுவிட்டது. நான் எழுந்து போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஏஞ்சலின் அவரை உள்ளே உட்காரவைத்தாள். மோர் கொடுத்தாள். அவர் மகளின் கதை முழுவதையும் கேட்டாள், முக்கால் மணி நேரம். பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வந்து என் முன்னால் நின்றாள்.

"நீ சொன்னது ஏரியூர் வரைக்கும் போயிருக்கும்மா."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

29.9.2024, ஞாயிறு

என் தம்பி ஃபிராங்க்ளின் வந்தான், அவள்தான் ஃபோன் போட்டு வரச் சொன்னாளாம். கிருஷ்ணகிரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். லீவு முடியும் வரைக்கும் என்றான். ஆனால் லீவுக்கு எதற்குப் பிளஸ் ஒன் புத்தகம் எல்லாம்? பைக்குள் எடுத்து வைத்தபோது பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

5.10.2024, சனி

ஃபிராங்க்ளின் பேசினான். "அக்கா, கோவிச்சுக்காத. டி.சி. வாங்கி இங்கயே சேத்துடச் சொல்லுது. நான் இன்னும் சரின்னு சொல்லல."

"அவகிட்ட குடு."

அவன் அவளைக் கூப்பிடுவது கேட்டது. "பேச மாட்டேங்குதுக்கா. எழுதிக் குடுத்தா படிக்கும்னு நெனைக்கிறேன்."

செபாஸ்டின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் கிழிச்சிருக்கக் கூடாது" என்றார். இல்லீங்க, என்றேன். நீங்க நோட்டைத்தான் கிழிச்சீங்க.

7.10.2024, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. எட்டே கால் பஸ் வந்து நின்று போயிற்று.

8.10.2024, செவ்வாய்

காலையில் மிக்கேலம்மாள் அக்கா வந்தார். செபமாலை மாதம், இந்த வியாழன் கூட்டத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்களும் வருகிறார்கள், ஏஞ்சலினுக்காக விசேஷமாக ஒரு மன்றாட்டு வைக்கலாமா என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். "வேண்டாங்க்கா" என்றேன். "ஏன் அமலா, நீதான அன்னிக்கு அழுத?" "அது என் பிள்ளை என்கிட்ட மட்டும் சொன்னதுங்க்கா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." அவர் "அப்ப அதைத்தான் நீ கூட்டத்துல சொல்லணும்" என்றார்.

உடனே சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

நாளைக்குச் செபாஸ்டின் கிருஷ்ணகிரி போகிறார். கடிதத்தை ஒட்டிக் கொடுத்து, நீங்கள் படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். படிக்க மாட்டேன் என்றார். நகல் எனக்காக:

ஏஞ்சலினுக்கு, அம்மா எழுதுவது.

நீ கும்பிடுவதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அதில் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். சாகும்வரை உனக்காகச் செபிப்பேன், வாய்க்குள்ளேயே. ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று, நீ என் கையைப் பிடித்துக் கேட்டபோது சொன்னேன். பத்து நாளில் மீறினேன். ஆண்டவரிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டு பதினோரு பேரிடம் சொன்னேன். அன்றைக்கு ஆண்டவருக்கு உன் விஷயம் ஏற்கெனவே தெரியும். அவர்களுக்குத்தான் தெரியாது. அந்த அம்மாள் வாசலில் நின்றபோது எழுந்து வராததும் என் தப்பு.

பூசையில் உனக்கு மூச்சு முட்டுகிறது என்பதை நான் இப்போதுதான் கண்ணால் பார்த்தேன். நீ வந்தால் ஞாயிற்றுக்கிழமை உன்னை இழுத்துக்கொண்டு போக மாட்டேன். அப்பாவிடமும் பேசிவிட்டேன். அவர் ம் என்றுதான் சொன்னார், ஆனால் சொன்னார். டி.சி. தான் வேண்டும் என்றால் அதையும் நானே போய் வாங்கித் தருகிறேன்.

வியாழக்கிழமை ஆறரை மணிக்கு மிக்கேலம்மாள் அக்கா வீட்டில் கூட்டம். அன்று சொன்ன அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, என் மகள் யாருக்கும் எதுவும் செய்தவள் இல்லை, அவள் என்னை நம்பிச் சொன்னதை வெளியில் கொட்டியது என் பாவம் என்று சொல்ல நினைக்கிறேன். ஆனால் அதுவும் உன்னைப் பற்றிய பேச்சுதான். திரும்பவும் உன் பெயர் அத்தனை பேர் வாயில் விழும். போன தடவை உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

சொல்லட்டுமா, சும்மா இருக்கட்டுமா? எது என்றாலும் அப்படியே செய்கிறேன். அப்பா கையிலேயே எழுதிக் கொடுத்தனுப்பு, ஒரு வரி போதும். வியாழன் சாயங்காலத்துக்குள் வேண்டும், கண்ணு. சீக்கிரம் பதில் எழுது.