வியாழக்கிழமை ரொட்டி

பிப்ரவரி 6, வியாழன்

சலவைக் கூடத்தில் இன்றும் படுக்கை விரிப்புகள்தான். மிஷினிலிருந்து சூடாக வருகிறது. உதறினால் மேகம் மாதிரி உப்பி மெல்ல அடங்குகிறது. மடித்துக்கொண்டே இருந்தேன்.

வேலை முடிந்து நேரே இந்தியச் சாப்பாட்டுக் கடை. மகள் உட்காரும் ஜன்னலோர மேஜை. அவள் சாப்பிடுவதுதான் — கொண்டைக்கடலை, கத்திரிக்காய், ரொட்டி. பரிமாறும் பெரியவரிடம், "பால், தயிர், நெய் ஒண்ணும் ஆகாது. ரொட்டி மேல வெண்ணெய் தடவிடாதீங்க" என்றேன்.

"உங்க பொண்ணு பாடற பாட்டுதானே! தெரியும்மா."

அவள் வண்டியோடு சறுக்கி விழுந்து உயிர் போய் ஐந்து மாதம். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இங்கேயாவது அவள் உயிரோடு இருக்கட்டும்.

பிப்ரவரி 7

வந்தாள். ஈரத் தலையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழன் அங்கே சாப்பிட்டால் வெள்ளி விடிவதற்குள் கனவில் வந்துவிடுகிறாள். ஒரு வாரம் தவறியதில்லை. அவள் போனதிலிருந்து நானும் பால் தொடுவதில்லை. அதனால்தான் வருகிறாள். இருக்கும்போது, "பால்கூட ஆகாத அளவுக்கு அப்படி என்னடி வைராக்கியம்?" என்று எத்தனை நாள் கத்தினேன். "அது கன்னுக்குட்டியோடதும்மா" என்பாள். அவ்வளவுதான். எதிர்த்துக் கத்தமாட்டாள்.

பிப்ரவரி 11

என் வீட்டுக்காரர் காபி போட்டு வைத்தார். ஆறி ஆடை கட்டிவிட்டது. "ஒரு வாய் குடிச்சா குடியா முழுகிடும்? எலும்பும் தோலுமா ஆயிட்டே" என்றார். குடித்தால் அவள் வரமாட்டாள் என்று எப்படிச் சொல்ல? பைத்தியம் என்பார். சொல்லாமலே இருந்தால் — அவளை நான் மட்டும் ஒளித்து வைத்துக்கொள்கிறேனா?

பிப்ரவரி 14

வந்தாள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் மடித்தோம். மடிக்க மடிக்க நீண்டது.

பிப்ரவரி 20, வியாழன்

பெரியவருக்கு லீவு. புதிதாக ஒருத்தி பரிமாறினாள். பாதி ரொட்டி தின்றிருப்பேன், வழக்கமான பாட்டைப் பாடினேன் — வெண்ணெய் வேண்டாம், தயிர் ஆகாது. அவள் முழித்தாள்.

"அப்ப இந்த ரொட்டியே ஆகாதேம்மா. மாவு பிசையறப்பவே தயிர் ஊத்திடுவோம். போன வாரம் வரைக்கும் பிசைஞ்சது நான்தான். இல்லாட்டி இவ்வளவு மெத்துன்னு வருமா?"

பால் ஆகாதவர்களுக்கு மெல்லிசு ரொட்டிதானாம். என் மகள் தின்றது அதுவாகத்தான் இருக்கும். முதல் நாள் பக்கத்து மேஜையில் புசுபுசுவென்று இருந்ததைக் கைகாட்டியவள் நான்தான். மாவில் தயிர் இருப்பது பெரியவருக்கே தெரியாது போல.

ஐயோ, இத்தனை வியாழனும் தயிரையா தின்னேன்? இதே நினைப்பில் வீட்டுக்கு வர்ற பஸ்ஸைக்கூட விட்டுட்டேன். இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவளுக்காகக் காத்திருப்பேன்?

பிப்ரவரி 21

வந்தாள்.

அதே ஈரத் தலை. கோபமா என்று கேட்க வாயெடுத்தேன், விடிந்துவிட்டது. படுத்தபடியே எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. தயிரைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறேன், அவளும் வந்துகொண்டே இருந்திருக்கிறாள். அப்படியென்றால் நான் பால் தொடாததற்காக வரவில்லை. சும்மாவே வருகிறாள்.

வீட்டுக்காரர் பயந்து எழுந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பைத்தியம் என்று சொல்லவில்லை. "இத்தனை நாளா நீ மட்டும் பார்த்துக்கிட்டிருந்தியா?" என்றார். முகம் கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

பிப்ரவரி 27, வியாழன்

அவரையும் கூட்டிப்போனேன். மெல்லிசு ரொட்டி கேட்டேன்.

"செருப்புத் தோல் மாதிரி இருக்கு. இதையா தின்னா?"

"சும்மா கடிச்சு இழுங்க."

பெரியவர் வந்து, "பொண்ணு வரலையா?" என்றார். நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். பெரியவர் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை.

மார்ச் 3

காபி அரை டம்ளர் குடித்தேன். கன்றுக்குட்டி நினைப்பு வந்தது. மீதியை வைத்துவிட்டேன்.

மார்ச் 7

எனக்கு வரவில்லை. அவருக்கு வந்தாளாம்! விடிந்ததும் தோளை உலுக்கிச் சொல்கிறார், பெருமை தாங்கவில்லை. என்ன உடுத்தியிருந்தாள், தலை பின்னியிருந்தாளா, இளைத்திருந்தாளா — ஒன்றையும் கவனிக்கவில்லை. "பஸ்ல என் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. அவ்வளவுதான்" என்கிறார்.

இந்த மனுஷனிடம் போயா வருவாள்! "அடுத்த தடவை ஒழுங்கா பாருங்க" என்று திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன். வேலைக்கு லேட்.